குடல் மேசை

கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை உருவுவதற்கு எந்த மொழியும் தேவையில்லை. கை இருந்தால் போதும். அதனால்தானோ என்னவோ, அந்த வெளிநாட்டுக் கோழி ஆலையில் இங்கிலீஷில் வாய் திறக்கத் தெரியாதவர்களையெல்லாம் பொறுக்கி எடுத்துக் குடல் மேசையில் நிறுத்தியிருந்தார்கள்.

தலைக்கு மேலே சங்கிலி ஓடும். தலையும் இறகும் போன கோழிகள் கால் மேலே, கழுத்து கீழேயாக வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இயந்திரம் வயிற்றைக் கிழித்து விடும். உள்ளே இருப்பதை இழுப்பது மேசையில் நிற்பவர்கள் பாடு. இடது கையால் கோழியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டு, விரல்களை வளைத்து இழுக்க வேண்டும். எல்லாம் ஒரே கொத்தாக, வெதுவெதுப்பாக, கைக்குள் வந்து விழும். ஈரல் ஒரு தொட்டியில், இரைப்பை இன்னொரு தொட்டியில், குடல் காலடியில் ஓடும் சாக்கடையில். பித்தப்பை உடைந்தால் முழங்கை வரைக்கும் பச்சையாக வழியும். கையுறையை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொண்டாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ரத்தமும் எச்சமும் குளோரின் தண்ணீரும் சேர்ந்த அந்த நாற்றம் ரப்பருக்கெல்லாம் பயப்படுமா? நகத்துக்கடியில் போய் உட்காரும். முடியில் ஏறும். விடுமுறை நாளில் தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டும்போது துண்டில் இருந்து எழுந்து வரும்.

சின்னவள் அந்த மேசையில் நின்றாள். சின்னவள் என்றால் வயதில் சின்னவள் இல்லை. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்களில் இளையவள். மூத்தவளும் அதே ஆலைதான், ஆனால் பேக்கிங். அங்கே கோழி கழுவித் துடைத்துப் பிளாஸ்டிக் தட்டில் குளிர்ந்துபோய் வந்து சேரும். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, பளிச்சென்ற விளக்கு. மூத்தவள் காலையில் பூசிய பவுடர் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். அண்ணன் தம்பி இருவருக்கும் அங்கேதான் வேலை. அண்ணன் குடல் வரிசைக்கு மேற்பார்வை. தம்பி, அதாவது சின்னவளின் கணவன், குளிர் அறையில் பெட்டி அடுக்குபவன். நால்வருக்கும் சின்னவளின் ஐந்து வயதுப் பெண்ணுக்குமாக ஒரே வாடகை வீடு, ஒரே சமையல்.

அந்தப் பெண்ணிடம்தான் எல்லாம் வந்து நின்றது.

“வாயத் தொற கண்ணு. பருப்புஞ்சோறு. நெய் விட்டிருக்கேன் பாரு.”

“ம்ஹூம். அம்மா கை நாறுது.”

“நாறலடா. இப்பத்தானே எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன். மோந்து பாரு.”

பாப்பா மோந்து பார்த்தது. பிறகு மூக்கைச் சுருக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “பெரியம்மா ஊட்டட்டும்” என்றது.

“கொழந்தைய ஏன்டி பாடாப் படுத்துற? இப்படிக் குடு தட்ட” என்று மூத்தவள் வந்து வாங்கிக்கொண்டாள். “அது என்னமோ என் கைன்னா கேக்காம சாப்பிடுது. நான் என்னத்தக் கண்டேன்!” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைச் சின்னவள் கவனிக்காமல் இல்லை.

அவள் குளியலறைக்குப் போய் மறுபடி கையைத் தேய்த்தாள். தோல் சிவந்து எரிந்தது. வெளியே இருந்து மூத்தவள், “சுடுதண்ணிய எல்லாம் நீயே காலி பண்ணிடாதடி, மாமா இன்னும் குளிக்கல” என்று தன் கணவனுக்காகக் குரல் கொடுத்தாள். பெற்ற பிள்ளை தன் கையால் ஒரு வாய் சோறு வாங்க மாட்டேன் என்கிறது. இதைவிட அசிங்கம் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? சின்னவளுக்கு நகையும் வேண்டாம், காரும் வேண்டாம். குடல் மேசையை விட்டுப் பேக்கிங்குக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

போக வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. மூத்தாரிடம், அதாவது கணவனின் அண்ணனிடம், அவள் நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பாள். ஆகவே அவள் கணவனிடம் சொல்வாள், கணவன் அண்ணனிடம் சொல்வான், அண்ணன் மேனேஜரிடம் சொல்வார். பதில் அதே வழியில் இறங்கி வரும். அவர்கள் மட்டுமில்லை, ஆலையில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் மூத்தார்தான் வழி. லீவு வேண்டுமா, கையுறை கிழிந்துவிட்டதா, முதுகு பிடித்துக்கொண்டதா, எல்லாம் அவர் மூலமாகத்தான் மேலே போகும். அவருக்கு ‘வாய்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். “வாய் வந்தாச்சா?” “வாய்கிட்ட சொல்லி வை.” அவருக்கும் அது தெரியும், அதில் ஒரு பெருமையும் உண்டு.

மேனேஜருக்கு அவர்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கன். எதைக் கேட்டாலும் முடியாது என்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவன் மேசையைக் கடந்து போகும்போது பெண்கள் சிரித்த முகத்தோடு தமிழில் திட்டுவார்கள். “போறான் பாரு, கட்டையில போறவன்.” அவனும் ஏதோ வணக்கம் சொல்கிறார்கள் என்று கையை ஆட்டிவிட்டுப் போவான்.

சின்னவள் மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் கணவன் வந்து, “எடமில்லேன்னுட்டானாம்” என்றான்.

பாப்பாவின் பள்ளிக்கூடத்தைக் காரணம் காட்டி அவள் இங்கிலீஷ் வகுப்புக்குப் போக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

“அண்ணன் இருக்காரு. உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றான் கணவன்.

“பாப்பா டீச்சர்கிட்ட பேசறதுக்கும் உங்க அண்ணனையே கூட்டிட்டுப் போகவா?”

“அவரு வரமாட்டேன்னா சொன்னாரு?”

“வேண்டாங்க. ஒருத்தர் வாயில எத்தன பேரு குடியிருக்கறது?”

சனிக்கிழமை மத்தியானம், நூலகத்தின் பின்கட்டில் ஒரு அறை. சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்; சம்பளம் வாங்காமல் வந்துகொண்டிருந்தார். சின்னவள் மனதுக்குள் அவரைப் பஸ்காரர் என்று வைத்துக்கொண்டாள். பல தேசத்து ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சின்னவள் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருக்கும். அறை நிறைந்து வழிகிற நாளிலும் அந்த இரண்டு நாற்காலி நிறையாது. ஒருத்தி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, சளி பிடித்தவள்போல நடிப்பாள். சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசும். ஆனாலும் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

பஸ்காரர் இலக்கணத்தைப் பெரிதாகக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் யாரிடமோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அதை வாய் தயங்காமல் சொல்லும் வரை சொல்லிப் பார்க்க வேண்டும். அதுதான் பாடம். ஒருவர், குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரனிடம் சொல்ல வேண்டும் என்றார். ஒருத்தி, என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடாதே என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்றாள். சின்னவளின் முறை வந்தது. எனக்குப் பேக்கிங்கில் வேலை வேண்டும் என்று சொன்னாள். பஸ்காரர் தலையாட்டினார். பிறகு அவளே நினைக்காமல் இன்னொன்று வந்து விழுந்தது: தயவுசெய்து என்னைக் கேளுங்கள், அவரைக் கேட்காதீர்கள்.

பஸ்காரர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, கோழி வயிற்றில் கை இருக்கும்போது என்று அவள் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழக்கினாள். சங்கிலி போடுகிற இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது?

பேசுவதற்கு முன்னால் காது திறந்துகொண்டது. பக்கத்து வரிசையில் உள்ளூர்ப் பெண்கள் பேசுவது முதலில் இரைச்சலாக இருந்தது. பிறகு அதில் புருஷன் என்றும் பல்வலி என்றும் வாடகை என்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. அட, இவளுகளும் நம்மைப்போலத்தான் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்தக் காதுதான் ஒரு நாள் அவளை மாட்டிவைத்தது.

வெளியே விடாமல் மழை. சாக்கடை எதிர்த்து, குடல் எல்லாம் காலடியில் மிதந்துகொண்டிருந்த நாள். மேனேஜர் மூத்தாரோடு வந்து மேசைக்கு எதிரே நின்றான். அவளைக் காட்டி ஏதோ கேட்டான். அவள் குனிந்த தலை நிமிராமல் குடலை உருவிக்கொண்டிருந்தாள்.

பேக்கிங்கில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, இந்தப் பெண் வெகுநாளாக இங்கேயே நிற்கிறாளே, போகிறாளா என்று கேட்டான் கல்லுளிமங்கன்.

மூத்தார் சிரித்தார். வேண்டாம், அவள் இங்கேயே சந்தோஷமாக இருக்கிறாள் என்றார். நாற்றமா? இவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. இவர்கள் இப்படியே பிறந்து வளர்ந்தவர்கள். உங்களுக்கும் எனக்கும்தான் குமட்டும்.

‘இவர்கள்’ என்றார். கூடப் பிறந்த தம்பியின் பெண்டாட்டியை, ஒரே சட்டியில் சோறு தின்கிறவளை.

பிறகு அவள் பக்கம் திரும்பித் தமிழில், பொதுவாக மேசையைப் பார்த்துச் சொல்வதுபோல, “கைய இன்னும் வேகமா ஓட்டச் சொல்றாரு” என்றார்.

சின்னவளின் கை கோழிக்குள்ளேயே நின்றுவிட்டது. இத்தனை நாள் குடலைத் தொட்டு வராத குமட்டல் அப்போது வந்தது. எதிரே நின்ற மனிதரின் சுத்தமான கழுத்துப்பட்டியும், நன்றாக வாரிய தலையும், அந்தச் சிரிப்பும் அவளுக்கு அருவருப்பாக இருந்தன.

அன்றைக்கு வீட்டில், மற்றவர்கள் கீழே டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்த பிறகும் இன்னொரு காலின் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, கேட்டீங்களா இல்லையா?”

“கேட்டேன்.”

“கேட்டுட்டு இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா?”

“என்ன பண்ணச் சொல்ற? அண்ணன் ஒரு கணக்கோடதான் செய்வாரு.”

அவளுக்குப் பளிச்சென்று பட்டது. “ஓஹோ. உங்களுக்குத் தெரியும்.”

அவன் கழற்றிய சாக்ஸை உதறினான்.

“தெரியுமா தெரியாதா? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“தெரியும்டி. அந்த மேசையில எவளும் நிக்க மாட்டேங்கறா. வந்தவ எல்லாம் ஒரு மாசத்துல ஓடிடறா. அத ஆள் குறையாம வச்சிக்கறாருன்னுதான் அவர மேற்பார்வையா வச்சிருக்காங்க. நீயும் போயிட்டா அவருக்கு என்ன மரியாத? நம்மளக் கூட்டிட்டு வந்தவரு அவரு. மறந்துடாத.”

“மூணு வாட்டி நான் கேட்டத அவர்கிட்ட சொன்னீங்களா?”

“ஒரு வாட்டி சொன்னேன்.”

“மிச்சம் ரெண்டு வாட்டி?”

“அவரு எப்படியும் அதத்தான் சொல்லப்போறாருன்னு...”

“எனக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க.”

அவன் சாக்ஸை உருண்டையாகச் சுருட்டி மூலையில் போட்டான். “பாப்பா பெரியம்மா கையால சாப்பிட்டா என்ன கொறஞ்சு போச்சு? வயிறு நெறையுதில்ல?” என்றான். நியாயமாகப் பேசுகிறவன் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். சின்னவளுக்கு அந்த முகத்தில் காறித் துப்பலாமா என்று இருந்தது. இவனோடா இத்தனை வருஷம் ஒரே போர்வையில் படுத்தோம் என்று நினைத்தாள். அன்றைக்குப் பாப்பாவின் கட்டிலோரம் தரையில் பாயை விரித்துக்கொண்டாள்.

மறுநாள் இடைவேளையில் மேனேஜரின் அறைக் கதவைத் தட்டினாள். ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேனேஜர் அவளைப் பார்த்ததும் வழக்கம்போல ஒலிபெருக்கியில் மூத்தாரைக் கூப்பிட்டான். அவர் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார்.

“என்னம்மா? எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாமே.”

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் தானாக ஒதுங்கி நின்றுவிடும் என்று பயம். மேனேஜரைப் பார்த்து, எனக்குப் பேக்கிங்கில் வேலை வேண்டும் என்றாள். நாற்றம் எனக்கும் தெரியும், எனக்கும் குமட்டும் என்றாள். குரல் நடுங்கியது. பிறகு அதையும் சொன்னாள்: தயவுசெய்து என்னைக் கேளுங்கள், அவரைக் கேட்காதீர்கள்.

கல்லுளிமங்கன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். நீ பேசுவாயா என்று கேட்டான். உனக்கு விருப்பமில்லை என்றல்லவா இவர் சொன்னார்? திங்கட்கிழமையே போய்க்கொள் என்றான். அவ்வளவுதான். மலையைப்போல நினைத்தது ஒரு தலையாட்டலில் முடிந்துவிட்டது. அவனை நல்லவன் என்று நினைக்கவும் அவளால் முடியவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவை, கையைக் காட்டி, ஜாடையில் கேட்டிருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்குமே. கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாததும் அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது.

வீட்டில் மூத்தார் அவளைத் தவிர்த்தார். அவள் கூடத்துக்கு வந்தால் எழுந்து போனார். மூத்தவள் சமையலைப் பிரித்துக்கொண்டாள். “எங்கள மானங்கெட வச்சவ பொங்கற சோறு எங்களுக்கு எறங்காதும்மா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கணவன் இரண்டு பக்கமும் அடிபடுகிற மத்தளமாக நடுவில் நின்றான். சின்னவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில வாரங்களில் விரல் நுனி வெளுத்து, சாதாரணக் கை ஆனது. ஒரு நாள் பாப்பா பேச்சு மும்முரத்தில் அவள் நீட்டிய கவளத்தை வாங்கி மென்றுகொண்டே பள்ளிக்கூடக் கதையைச் சொன்னது. அடுத்த வாய்க்கும் வாயைத் திறந்தது. சின்னவள் அழுகையை அடக்கிக்கொண்டு, “அப்புறம்? டீச்சர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டு ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

குடல் மேசையில் அவள் விட்டுப்போன இடத்துக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். குளிர் அறையில் வேலை செய்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு, தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்காமல் வந்து இறங்கியவள். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. அவளையும் ‘வாய்’தான் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஒரு நாள் காலை மேனேஜர் பேக்கிங்குக்கு வந்து சின்னவளைக் கூப்பிட்டான். பெண்கள் விஷயம், நீ வந்து கேள் என்றான். வெள்ளைக் கோட்டோடு அவள் குடல் மேசைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. எப்படி இங்கே நின்றோம் என்று ஆச்சரியமாக இருந்தது. புதுப்பெண் சாக்கடைப் பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு, முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூத்தார் சங்கிலியை நிறுத்திவிட்டுப் பொத்தானருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அக்கா, என்னால முடியலக்கா” என்று புதுப்பெண் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது. அவரு என் பக்கத்துல படுக்கவே முகத்தச் சுளிக்கிறாருக்கா. கூட்டியாந்த பெரியவருகிட்ட கேட்டா பொறுத்துக்கன்னு சொல்றாரு. நீங்க சொல்லுங்கக்கா. கூட்டற வேலை, கழுவுற வேலை, எதுவா இருந்தாலும் செய்யிறேன்.”

என்ன சொல்கிறாள் என்று கேட்டான் மேனேஜர். பதிலுக்குக் காத்திராமல் அவனே சொன்னான்: முடியவில்லை என்றால் சொல், மாற்றிவிடலாம். ஆனால் மேசை காலியாக இருக்கக்கூடாது. பேக்கிங்கில் இருந்து ஒருத்தி இங்கே வர வேண்டும். இந்த வேலை தெரிந்தவள் நீதான். வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும்.

சின்னவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். வேறு ஆள் எங்கே கிடைக்கிறது? அவளுக்குத் தெரியாதா?

“அவள் நன்றாக இருக்கிறாள்” என்றாள் இங்கிலீஷில். “புதிது, அதனால்தான். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம்.”

எங்கும் தடுக்கவில்லை. வார்த்தை தேடவில்லை. குரல் நடுங்கவில்லை. வகுப்புக்குப் போன அத்தனை சனிக்கிழமையிலும் அவள் இவ்வளவு சரளமாகப் பேசியதில்லை. மேனேஜரின் முகம் மலர்ந்தது. உன் இங்கிலீஷ் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று மனம்விட்டுப் பாராட்டினான்.

“என்னக்கா சொல்றாரு?”

“இப்ப எடமில்லையாம்மா. கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்றாரு.”

அந்தக் கூடத்தில் இரண்டு பேச்சையும் புரிந்துகொள்ளக்கூடியவர் அவளைத் தவிர ஒரே ஒருவர்தான் இருந்தார். மூத்தார் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அவர் சிரிக்கவில்லை, குத்தலாகப் பார்க்கவுமில்லை. லேசாகத் தலையை ஆட்டினார், வேலை தெரிந்த ஆளைப் பார்த்து இன்னொரு ஆள் ஆட்டுவதுபோல. அதைவிட அவர் அறைந்திருக்கலாம். பொத்தானை அழுத்தினார். சங்கிலி ஓட ஆரம்பித்தது.

சாப்பாட்டு நேரத்தில், இத்தனை நாள் முகம் கொடுக்காத மூத்தவள் வந்து தோளைத் தொட்டாள். “ஏன்டி தனியா உக்காந்திருக்க? மாமா உன்னயும் அங்க வரச் சொன்னாரு. வா.” சின்னவள் டப்பாவை மூடினாள். சோறு அப்படியே இருந்தது. வாயெல்லாம் பித்தப்பை உடைந்ததுபோலக் கசந்தது. இந்த நாக்கை வெளியே இழுத்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்க முடியுமானால் தேய்த்திருப்பாள்.

எழுந்திருக்கும்போது புதுப்பெண் எதிரே வந்து நின்றாள். கழுவின கையை அவசரமாக மேலங்கியில் துடைத்துக்கொண்டு, தொடுவதா வேண்டாமா என்று தயங்கி, பிறகு தொடாமலே நின்றாள்.

“அக்கா, கெடைக்கலேன்னாலும் பரவால்லக்கா. எனக்காக அவருகிட்ட பேசுனீங்களே, அதுவே போதும். அந்தப் பெரியவருகிட்ட கேக்கவே பயமா இருக்கு. இனிமே எதுன்னாலும் உங்ககிட்டயே சொல்லிக்கிறேன். சொல்லட்டுமாக்கா?”

மூத்தவள் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்து பெஞ்சில் மூத்தார் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டிருந்தார்.

“சொல்லு” என்றாள் சின்னவள்.